ஆவணியில் கலியாணம், ஒரு கிழமை லீவு: வன்னியிலிருந்து கடற்கரை வழியே தேனிலவுப் பயணம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். ஆவணி நடுப்பகுதியில் கலியாணம். இரண்டு வீடும் கிளிநொச்சிப் பக்கம். நாலாம் சடங்கு முடிந்த பிறகு கையில் ஒரு கிழமை லீவு. எல்லோரும் நுவரெலியாவுக்குப் போகச் சொல்கிறார்கள், உங்கள் இருவருக்கும் கடல்தான் விருப்பம். எந்தக் கரையால் போவது, எங்கே தங்குவது, மோட்டார் சைக்கிளா காரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாடகை வாகனம் ஓட்டுகிறவன். வடக்கு, கிழக்குக் கரைகள்தான் என் தொழில். கலியாணம் முடித்த சோடிகளையும் நிறைய ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கரையை நீங்கள் தெரிவுசெய்ய வேண்டாம், காற்றுத் தெரிவுசெய்யட்டும். சோளகம் வீசும் மாதங்களில், அதாவது வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும், காற்றுத் தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வருவதால் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். அதே நேரத்தில் மன்னார்ப் பக்கம் கடல் கொந்தளிக்கும், புழுதி பறக்கும். வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். ஐப்பசி கடைசியிலிருந்து மார்கழி முடியும் வரை கிழக்கில் மழையும் அலையும்தான். உங்களுக்கு ஆவணிக் கலியாணம் என்பதால் யோசிக்க ஒன்றுமில்லை, கிழக்குக் கரை. முல்லைத்தீவில் தொடங்கித் திருகோணமலை, வாகரை, கல்குடா என்று தெற்கே இறங்கி, பொலன்னறுவை வழியாக வீட்டுக்குத் திரும்புங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், என்னுடைய முழுத் திட்டமும் இதில்தான் நிற்கிறது. ஒரு கிழமையில் அறுகம்பை வரைக்கும் போய்வரலாம் என்று யாராவது சொல்வார்கள். போகலாம்தான். மட்டக்களப்பிலிருந்து அறுகம்பை இருக்கும் பொத்துவிலுக்கு மேலும் நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். ஆனால் போனால் வாகனத்துக்குள்ளேயே லீவு முடிந்துவிடும். நம்மூரில் பேச்சுக்கால் நடந்து, நிச்சயம் செய்து, தொலைபேசியில் பேசிப் பழகிய இருவருக்கு, யாரும் கூப்பிடாத, யாரும் கதவைத் தட்டாத முதல் நாட்கள் இவைதான். பார்த்த இடங்களின் எண்ணிக்கை இங்கே முக்கியமில்லை. ஒரே அறையில் இரண்டு மூன்று இரவு தங்கி, காலையில் அவசரமில்லாமல் எழும்பி, பின்னேரம் கரையில் நடக்கிற நேரம் வேண்டும். போகும்போது ஒரு நாளும் வரும்போது ஒரு நாளும் நீண்ட ஓட்டம் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. மற்ற நாட்களில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடாதீர்கள்.

நாள் பார்க்கும்போது சனிக்கிழமை புறப்படுவது போல வையுங்கள். நிலாவெளிக்குச் சனி, ஞாயிறில் தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். நீங்கள் ஞாயிறு பின்னேரம் போய்ச் சேரும்போது அவர்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அடுத்த நாட்களில் கரை உங்களுக்குத்தான்.

முதல் நாள் கிட்டத்தான், முல்லைத்தீவு. இரண்டு வழி இருக்கிறது. பரந்தனிலிருந்து ஏ35 வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாகப் போகலாம். அல்லது ஏ9 இல் மாங்குளம் வரை இறங்கி, ஏ34 இல் ஒட்டுசுட்டான் ஊடாகப் போகலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, ஒரு பொட்டலம் சூடான கச்சானும் வாங்கிக்கொண்டு பயணம் தொடங்குவது நம்மவர்களுக்குப் பழக்கம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீச்சரம் இருக்கிறது. வீதி காட்டுக்குள்ளால் போகும், இரண்டு பக்கமும் நிழல். நேரமிருந்தால் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் கொஞ்சம் நிற்கலாம்.

பரந்தன் வழி முள்ளிவாய்க்கால் ஊடாகப் போகிறது. அந்த மண்ணில் ஆளைப் பறிகொடுக்காத வீடு வன்னியில் அரிது. உங்கள் இரண்டு வீட்டிலும் யார் யார் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடிந்த கையோடு அங்கே போய் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்று மனம் சொன்னால், அதை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். புறப்படுவதற்கு முதல் ஒரு நாள் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு தனியாகப் போய் வாருங்கள். மணமகளாக வரும் தங்கச்சியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதில் வேறு யாரும் யோசனை சொல்ல முடியாது. இதை வாசிக்கிறவர்களில் வைகாசியில் கலியாணம் வைத்திருப்பவர்கள் மே 18 ஐ அண்டிய நாட்களில் முல்லைத்தீவுக் கரைக்குத் தேனிலவுப் பயணம் போடாமல் இருப்பது நல்லது. நினைவேந்தலுக்கு வருகிறவர்களின் வாரம் அது.

முல்லைத்தீவில் தங்கும் விடுதிகள் அதிகமில்லை, இருப்பவை எளிமையானவை. ஒரு இரவு போதும். அங்கே தங்கச் சொல்வது அடுத்த நாள் காலைக்காகத்தான். விடிய முதல் கரைக்குப் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே தாளத்தில் இழுப்பார்கள். இழுத்துக்கொண்டே இரண்டு வரிசையும் மெதுமெதுவாக ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும்போது சூடையும் நெத்தலியும் காரலும் வெள்ளியாகத் துடிக்கும். காகம் கூட்டமாக இறங்கும், பெண்கள் பேசினைக் கொண்டுவந்து நிற்பார்கள், தராசு வரும், விலை பேசுவது தொடங்கும். நாற்பது பேரின் உழைப்பு ஒரு மடிக்குள் வந்து சேர்கிற நேரம் அது. படம் எடுப்பதானால் முதலில் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். நீங்களும் கயிற்றில் ஒரு கை வைக்கலாம், அதற்கும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள்.

ஆனால் முல்லைத்தீவுக் கடலில் குளிக்க இறங்காதீர்கள். கரை சட்டென்று ஆழமாகும், அலை காலை வாரி இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். நமது பிள்ளைகளில் அநேகர் குளத்தில் நீந்திப் பழகியவர்கள், கடலின் இழுவை வேறு. குளிக்கிற கடல் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் இருக்கிறது, அதுவரை பொறுங்கள்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் நந்திக்கடல் ஓரம்தான். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் கோயில். ஆவணியில் கூட்டமில்லாமல் ஆறுதலாகக் கும்பிடலாம். நந்திக்கடல் வாயைக் கடக்கும் வட்டுவாகல் பாலம் பழையது, ஒடுக்கமானது. மழைக் காலத்தில் நீர் பாலத்துக்கு மேலால் பாயும். அந்தப் பக்கம் போவதானால் ஊரவர்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் நாள்தான் போகும்போது வரும் நீண்ட நாள். கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தால் முல்லைத்தீவிலிருந்து கரையோடு நாயாறு, கொக்கிளாய், புல்மோட்டை, திருகோணமலை என்று நேரே இறங்கலாம் போலத் தெரியும். கொக்கிளாயில் களப்பு வாய் குறுக்கே நிற்கிறது, வீதி அங்கே முடிந்துவிடும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், அது திருகோணமலை மாவட்டம். பாலம் போடும் பேச்சு நெடுநாளாக இருக்கிறது. வாகனத்தோடு போகிறவர்கள் அந்த வழியை நம்பித் திட்டம் போடக்கூடாது. முள்ளியவளை, நெடுங்கேணி, புளியங்குளம் என்று வந்து ஏ9 இல் ஏறி, வவுனியாவில் மத்தியானச் சாப்பாட்டை முடித்து, ஹொறவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போங்கள். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர், வீதி நல்லது. ஒரு மணிக்குள் வவுனியாவை விட்டுவிட வேண்டும். ஹொறவப்பொத்தானைப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள், மற்ற வாகனங்கள் வந்து சேரும் வரை காத்திருங்கள்.

திருகோணமலைக்குச் சற்று முன்னால், வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். இராவணன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கியது என்பது ஐதீகம். இன்றைக்கும் இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய அங்கே வருவார்கள். அப்படி ஒரு குடும்பம் நின்றால் சற்றுத் தள்ளி நின்று வழிவிடுங்கள். ஓட்டக் களைப்புக்கு அந்த வெந்நீர் நல்ல மருந்து.

இனி நிலாவெளி. இங்கே மூன்று இரவு வைத்திருக்கிறேன், குறைக்காதீர்கள். உப்புவெளி நகரத்துக்குக் கிட்ட, விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கமாக இருக்கும், இரவில் ஆரவாரம் இருக்கும். நிலாவெளி இன்னும் வடக்கே, கரை அகலம், சத்தம் குறைவு. உங்களுக்கு நிலாவெளிதான் பொருத்தம். கடலைப் பார்த்த அறைக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். முழுப் பயணத்திலும் காசைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் மிச்சம் பிடித்தாவது இங்கே நல்ல அறை எடுங்கள்.

புறாத்தீவுக்கு நிலாவெளிக் கரையிலிருந்து படகில் சிறிது நேரம்தான். 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம், ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும், படகுக் கூலி வேறு. காலையில் முதல் படகிலேயே போய்விடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் கண்ணாடி, ஆட்களும் குறைவு. முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும், உயிர்காப்பு அங்கியையும் கேட்டு வாங்குங்கள். நீந்தத் தெரியாதவர்கள்கூட அங்கியோடு மிதந்துகொண்டே முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் பவளப் பாறையையும் நிறம் நிறமான மீன்களையும் பார்க்கலாம். செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் வரும், அவை ஆளைச் சீண்டுவதில்லை. பவளத்தின் மேல் மட்டும் காலை வைக்காதீர்கள். ஒரு மிதியில் உடைந்தது திரும்ப வளர நெடுங்காலம் பிடிக்கும், உங்கள் காலும் கிழியும்.

ஒரு பின்னேரத்தைக் கோணேசருக்கு ஒதுக்குங்கள். சம்பந்தர் பாடிய தலம். 1622 இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். கடந்த நூற்றாண்டில்தான் கோயில் மீண்டும் எழுந்தது. கோட்டை வாசலால் உள்ளே போனால் மான்கள் வீதியோரம் படுத்திருக்கும். மேலே ஏறி, பூசை பார்த்து, இராவணன் வெட்டுப் பக்கம் நின்றால் கீழே கடல் கரும்பச்சையாகச் சுழலும். நான்கு மணிக்கு மேல் போங்கள், வெயில் தணிந்திருக்கும், பாதத்தைக் கல் சுடாது. சாரியோ பாவாடை தாவணியோ தங்கச்சி அன்றைக்கு உடுத்திக்கொண்டு வந்தால் நீங்கள் இருவரும் எடுக்கிற படங்களில் அந்தப் படம்தான் வீட்டுச் சுவரில் தொங்கும்.

இன்னொரு நாள் காலை வடக்கே ஓடுங்கள். குச்சவெளி, திரியாய் தாண்டிப் புல்மோட்டை. இல்மனைற்றுக் கலந்த கறுப்பு மணல் அங்கே கிடக்கும், அதற்குக் கிட்டவே அரிசிமலைக் கரை. அங்கே மணல் பருமனாக, அரிசி மணிகளை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். கையில் அள்ளிப் பாருங்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் கொண்டுபோங்கள், கடைகள் குறைவு. இருட்ட முதல் திரும்பிவிடுங்கள், அந்த வீதியிலும் யானை உண்டு.

திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் திருகோணமலையிலிருந்து போகின்றன. வைகாசி முதல் ஆவணி வரைதான் நல்ல காலம். நீங்கள் போவது அதன் வாலில். படகுக்காரரிடம் அந்தக் கிழமை கண்டார்களா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். கடல் வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்கு அது சுகமான காலை அல்ல.

இந்த இடத்தில் ஒரு விஷயம். திருமலையில் பெரியம்மா வீடு இருக்கும், மட்டக்களப்பில் யாராவது ஒன்றுவிட்ட அண்ணன் இருப்பார். நீங்கள் வருவது தெரிந்தால் விடுதி எதற்கு, வீட்டில் வந்து நில்லுங்கள் என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஒரு மத்தியானம் போய் விருந்து சாப்பிட்டு, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள். இரவு தங்காதீர்கள். தங்கினால் தங்கச்சி குசினிக்குள் போய்விடுவாள், நீங்கள் விறாந்தையில் மாமாவோடு கதைத்துக்கொண்டிருப்பீர்கள். புறப்படும்போது பெரிய வான் பிடித்து அம்மா, அப்பா, தம்பி, தங்கை எல்லோரையும் ஏற்றிக் கோயில் பயணமாக்குகிற யோசனையும் வீட்டில் வரும். அந்த நேர்த்தியைத் தை மாதம் தீர்க்கலாம் என்று அம்மாவிடம் இப்போதே மெதுவாகச் சொல்லிவையுங்கள். நான் பின் ஆசனத்தில் கண்ட எத்தனையோ புதுச் சோடிகள் இரண்டு மாமிமாருக்கு நடுவில் ஒருவரோடொருவர் பேசாமலே ஊர் திரும்பியிருக்கிறார்கள். அது எனக்கு எப்போதும் மனவருத்தம்.

புதன்கிழமை காலை கிண்ணியா வழியாகத் தெற்கே. முன்பு திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் துறைக்குத் துறை, பாதை என்று நாம் சொல்கிற மிதவைப் படகில் வாகனத்தை ஏற்றக் காத்திருக்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர் நீளம். 2011 அளவில் மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது ஏ15 இல் தடையில்லாமல் ஓடலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எருமைத் தயிர் வீதியோரம் சட்டி சட்டியாக அடுக்கியிருக்கும். ஒரு சின்னச் சட்டி வாங்குங்கள். வெருகலில் மகாவலியின் கிளையாறு, ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில்.

வெருகலிலிருந்து பனிச்சங்கேணி வரையான வாகரைத் துண்டுதான் என் கண்ணுக்கு இந்தக் கரையின் மிக அழகான ஓட்டம். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் மரங்களின் இடைவெளியால் கடல். போக்குவரத்துக் குறைவு. இங்கே ஐம்பதுக்கு மேல் ஓடாதீர்கள், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்ட வாகனத்தை ஓரம் கட்டிவிட்டு நடந்தால், வள்ளத்தில் இறால் வலை வீசுகிறவர்களைப் பார்க்கலாம். 2004 ஆழிப்பேரலை இந்த ஊர்களை வழித்துக்கொண்டு போனது, அதற்குப் பிறகு போரும் வந்தது. இவ்வளவும் தாங்கி மீண்டும் வீடு கட்டி வாழ்கிறவர்கள் இவர்கள். அவர்களின் கடையில் ஒரு தேநீர் குடித்து, நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போங்கள்.

பாசிக்குடாவில் இரண்டு இரவு. கடல் நெடுந்தூரம் இடுப்பளவுதான், அலையே இல்லை. நீந்தத் தெரியாத தங்கச்சிக்கு நீங்கள் கைபிடித்து மிதக்கப் பழக்க இதைவிட நல்ல இடம் இலங்கையில் இல்லை. பெரிய விடுதிகள் விலை கூட. பக்கத்திலேயே கல்குடாப் பக்கம் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் உண்டு. அவற்றில் தங்கி, பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போகலாம். கல்குடாக் கரை ஆளரவம் இல்லாதது, பின்னேரம் நடக்க அதுதான் நல்லது. இரவுச் சாப்பாட்டுக்கு நண்டோ மீனோ காலையிலேயே சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள்.

வியாழன் பின்னேரம் மட்டக்களப்புக்கு ஒரு ஓட்டம், முப்பது சொச்சம் கிலோமீற்றர். கோட்டையைப் பாருங்கள், களப்போரம் நடவுங்கள், பிறகு கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013 இல் வந்த புதுப் பாலம். பாடும்மீன் கேட்பது இங்கேதான். கோடை மாதங்களில், முழுநிலவை அண்டிய, காற்றில்லாத இரவில் படகில் நடுக் களப்புக்குப் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதோடு அணைத்துக் கேட்க வேண்டும். தவளைக் கத்தல் போலவும் தம்புராத் தந்தி போலவும் அடியிலிருந்து வரும் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். மீனா, சிப்பியா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. உங்கள் லீவுக்குள் பௌர்ணமி வருகிறதா என்று கலண்டரில் பாருங்கள். வந்தால், அந்த இரவு மட்டக்களப்பில் இருக்கும்படி நாட்களைக் கொஞ்சம் மாற்றினாலும் தகும். படகுக்காரரைப் பகலிலேயே பேசி வையுங்கள், உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள்.

திரும்பும் நாள் நீண்டது, முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. வாழைச்சேனை, பொலன்னறுவை, மின்னேரியா, ஹபரணை, மரதன்கடவலை, பிறகு ஏ9. விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டால் இருட்ட முதல் கிளிநொச்சி. ஆனால் ஆவணி, புரட்டாதியில் மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் புல் முளைக்கும் காலம். அந்தப் புல்லுக்கு நூற்றுக்கணக்கில் யானைகள் பின்னேரம் கூடும். லீவு ஒரு நாள் மிச்சம் என்றால் ஹபரணையில் ஒரு இரவு தங்கி, பின்னேரம் ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த நாள் ஆறுதலாக வாருங்கள். இருட்டில் ஏ9 ஓட வேண்டாம் என்று நான் சொல்வது யானைக்காக மட்டுமில்லை. வவுனியாவுக்கு வடக்கே கட்டாக்காலி மாடுகள் இரவில் தாரில் படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு ஹெட்லைற்றில் தெரிகிறபோது பிறேக் பிடிக்க இடமிருக்காது.

வாகனம். கிழக்குக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம். ஆவணி வெயிலில் கச்சான் காற்று முகத்தைச் சுடும். இரண்டு பேரின் உடுப்புப் பையோடு இரண்டாம் நாள் ஓட்டத்தை முடித்தால் பின்னால் இருப்பவருக்கு இடுப்பு விட்டுப்போகும். சின்னக் கார் போதும். உங்கள் இருவரில் ஒருவருக்காவது ஓடத் தெரிந்தால் சாரதி வைக்காதீர்கள். என் தொழிலுக்கு எதிராகச் சொல்கிறேன், ஆனாலும் அதுதான் சரி. மூன்றாவது ஆள் முன்னால் இருந்தால் உங்கள் பேச்சு முக்கால்வாசி குறைந்துவிடும். தங்கச்சிக்கும் அனுமதிப்பத்திரம் இருந்தால் வாகரைத் துண்டை அவள் ஓடட்டும். வாடகைக்கு எடுக்கும்போது வாகன வரிப் பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றிலும் திகதியைப் பாருங்கள். மேலதிகச் சில்லையும் ஜக்கையும் திறந்து பாருங்கள். மாப்பிள்ளையோ பொம்பிளையோ வெளிநாட்டிலிருந்து வந்தவராக இருந்தால், அந்த நாட்டு உரிமத்தோடு நேரே ஓட முடியாது, இங்கே அனுமதி எடுக்க வேண்டும். நுழைவுச்சீட்டுகளிலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு விலை பல மடங்கு, அதைக் கணக்கில் சேருங்கள்.

இரண்டு பேரின் அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள். கலியாணப் பதிவுச் சான்றிதழின் படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். இரண்டு அட்டையிலும் இரண்டு முகவரி இருப்பதால் சில சிறு விடுதிகளில் கேட்பார்கள். தங்கச்சி சங்கடப்படாமல் நீங்களே முன்னால் நின்று காட்டிவிடுங்கள். தாலிக்கொடியைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்க வேண்டாம். குளிக்கிற நாளுக்கு மெல்லிய சங்கிலி போதும், மற்ற நகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளில் படை முகாம்கள் இருக்கின்றன, அவற்றின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். படப்பிடிப்புக்காரர் ட்ரோன் கொண்டுவருகிறேன் என்றால் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தையிலோ மாசியிலோ கலியாணம் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: நீங்கள் மேற்கே போங்கள். பரந்தனிலிருந்து பூநகரி, கௌதாரிமுனை மணல்மேடுகள், பிறகு ஏ32 இல் முழங்காவில், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாகத் திருக்கேதீச்சரம், மன்னார். மழை முடிந்து வயல் பச்சையாக இருக்கும். வங்காலைப் பக்கம் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும், அதிகாலையில் பார்க்க வேண்டும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றி வந்து, தலைமன்னார் முனை வரைக்கும் ஓடுங்கள். அரிப்பில் அல்லிராணிக் கோட்டை என்று நாம் சொல்கிற கட்டடம், முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்காக ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகை. கடல் அரித்து அரித்து இப்போது சில சுவர்கள்தான் மண்மேட்டு விளிம்பில் நிற்கின்றன. விளிம்புக்குக் கிட்டப் போகாதீர்கள். திரும்பும்போது மடு, வவுனியா. மூன்று இரவு போதும், தூரமும் குறைவு. இந்த வழிக்கு மோட்டார் சைக்கிள் பரவாயில்லை.

இனி உங்களுக்கு வேலை: முதலில் நிலாவெளி மூன்று இரவையும் பேசி முற்பணம் கட்டுங்கள், ஆவணியில் நல்ல அறைகள் சீக்கிரம் போய்விடும். அடுத்து கல்குடா. முல்லைத்தீவு அறையைப் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் சொல்லிவைத்தால் போதும். விலை பேசும்போது காலைச் சாப்பாடு சேர்த்தா, குளிரூட்டி உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேற்றர் இருக்கிறதா, வாகனம் உள்ளே விட இடம் உண்டா என்று நான்கையும் கேளுங்கள். முகூர்த்தத் திகதி முடிவானதும் எழுதுங்கள். அந்த நாட்களில் பௌர்ணமி எங்கே விழுகிறது என்று பார்த்து, மட்டக்களப்பு இரவை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.